சீனியின் கூண்டு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் பேசும்போது பின்னால் உன் நாய்க்குட்டி சீனி அழுகிற சத்தம் கேட்டது. சார்ஜர் வயரைக் கடித்துவிட்டது, கூண்டில் போட்டுப் பூட்டியிருக்கிறேன், அழுது அடங்கட்டும் என்றாய். அதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது. எனக்கோ ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய நாய் மணியை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ நாலாம் வகுப்புப் படித்த வருஷம், தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஓடிப்போனது. வெடிக்குப் பயந்து ஓடிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மைதான். செருப்பைக் கடித்தாலும், திண்ணையை நனைத்தாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். நாய் அப்படித்தான் திருந்தும் என்று நம்பினேன். சிவகாசிக்குப் பக்கத்து ஊர், நம் தெருவில் வெடிக்குக் கேட்கவா வேண்டும். அன்றைக்குச் சரவெடி தொடங்கியதும், சத்தம் குறைவாகக் கேட்கிற இடமாயிற்றே என்று மணியை அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனேன். வாசலிலேயே நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. இழுத்தேன். நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. பிறகு பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அதற்கப்புறம் உயிரோடிருந்த ஆறு வருஷமும், மழை கொட்டினாலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் படுத்தது. வெடியைவிட அந்த அறைக்குத்தான் அது அதிகம் பயந்திருக்கிறது. அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

கூண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். சீனிக்கு இரண்டரை மாதம். ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்குகிற வயசு. யாரும் மிதிக்காத, தொந்தரவு செய்யாத ஒரு மூலை அதற்கு வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருக்க நேர்ந்தாலும், காரில் வந்தாலும் கூண்டு பழகிய நாய் கலங்காது. ஆனால் ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை, பயணம் மாதிரி சில தேவைகளுக்குத்தான் விலக்கு. அந்த ஊர்க்காரர்கள் எதை நினைத்துத் தடுத்தார்கள் என்று மணியை வளர்த்தவனுக்குப் புரிகிறது.

முதலில் ஒரு வாரம் கூண்டுக் கதவைக் கட்டித் திறந்தே வை. தானாக ஆடிச் சாத்திக்கொண்டால்கூடக் குட்டி மிரளும். உள்ளே உன் பழைய சுடிதார் ஒன்றைத் துவைக்காமல் போடு, உன் வாசனை இருக்கட்டும். வேகவைத்த கோழித் துண்டை வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று போடு. நீ பார்த்துக்கொண்டு நிற்காதே, உன் வேலையைப் பார். உள்ளே போனாலும் சரி, எடுத்துக்கொண்டு ஓடி வந்தாலும் சரி. சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்து. கையால் தூக்கி உள்ளே திணிக்கவே திணிக்காதே.

தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் கதவு. அது தின்றுகொண்டிருக்கும்போது சாத்து, ஐந்து விநாடியில் திற. அப்புறம் பத்து, அப்புறம் அரை நிமிஷம். அது கேட்பதற்கு முன்னால் நீ திறந்துவிட வேண்டும். ஒரு நாள் அழுதால் நீ அவசரப்பட்டிருக்கிறாய் என்று அர்த்தம், முந்தின நாள் அளவுக்குத் திரும்பிப் போ. ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே நேரம் போகும். வெங்காயம் மட்டும் அதில் கலந்துவிடாதே, நாய்க்கு ஆகாது.

ராத்திரி கூண்டை ஹாலில் வைக்காதே, உன் கட்டிலை ஒட்டி வை. போன மாதம் வரை அம்மா மடியில், கூடப்பிறந்தவற்றோடு ஒரே குவியலாகத் தூங்கிய குட்டி அது. கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நீ இருந்தால் போதும். நடுராத்திரி முனகினால் வெளியே கூட்டிப்போ, விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கொண்டுவந்து விடு. இந்த வயசில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ண நாய்க்குப் பிடிக்காது. அடக்க முடியாமல் அங்கேயே போக வைத்தால் அதற்கு அதுவே ஒரு தண்டனை.

உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடு, கம்பியில் மாட்டிக்கொள்ளும். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்.

வயரைக் கடித்ததற்குக் கோபப்படாதே. நாலு மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும், அப்போது இன்னும் கடிக்கும். வயரை எட்டாத உயரத்தில் வை, கடிக்க வேறு ஏதாவது கொடு. கடித்து முடித்து அரை மணி கழித்து அதை அடைத்தால், எதற்கு அடைத்தாய் என்று அதற்கு எப்படித் தெரியும்? உன்னைத் தெரியும், கூண்டைத் தெரியும். இரண்டையும் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளும். அவ்வளவுதான்.

இவ்வளவு செய்தும் எச்சில் ஒழுக, நகம் உடைகிற அளவுக்குக் கம்பியைப் பிராண்டினால் கூண்டை விட்டுவிடு, டாக்டரிடம் காட்டு. சில நாய்களுக்குத் தனிமையே தாங்காது. அது பிடிவாதம் இல்லை, பாப்பா.

நேற்று நடந்ததற்காக மனசைப் போட்டு வாட்டிக்கொள்ளாதே. ஒரு நாளில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கே கதவைத் திறந்து கட்டிவிடு.

பொங்கலுக்கு அதை ரயிலில் கார்டு பெட்டியில் ஏற்றி அனுப்ப வேண்டாம், காரிலேயே கூட்டி வா. கூண்டை எங்கே வைக்கலாம் என்று அம்மா இப்போதே கேட்கிறாள். மாடிப்படிக்கு அடியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாலில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் காற்று வரும். நீளம், அகலம் அளந்து எழுது, பீரோவை நகர்த்த வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா