ஓடிபி வராதவர்களுக்கும் உரிமை உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வூதியம், சான்றிதழ் எல்லாமே செல்போனுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் 33 சதவீதம்தான், ஆண்கள் 57. களை பறித்தும் கல் உடைத்தும் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. சரி, ஓடிபி வாங்கலாம் என்றால் அது போவது வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கு!

2021 மே மாதம் 18-44 வயதினருக்குத் தடுப்பூசி போட அரசின் கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். இணையம் இல்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. அப்புறம் நேரடிப் பதிவும் வந்தது. அன்று முடிந்தது இன்றும் முடியும். தாளில் எழுதிக் கொடுக்கும் மனுவை வாங்கி, ரசீது தரும் ஓர் ஊழியராவது எல்லா தாலுகா அலுவலகங்களிலும் வேண்டும்.

- வாசகர், செய்யாறு