யாழ்ப்பாண விமானத்தில் ஏறும் முன்

ஆசிரியருக்கு,

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனாலேயே பலர் மதுரைக்குப் போவதுபோல் கிளம்பி வந்துவிடுகிறார்கள். பயணம் சிறியது, நடைமுறை முழுக்க முழுக்க வெளிநாட்டுப் பயணத்துக்கு உரியது. பன்னாட்டு முனையம், குடிவரவு, சுங்கம் எதிலும் சலுகை கிடையாது. மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடுவது நல்லது.

முதல் சிக்கல் பெயரில் வரும். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியலின் விரிவு அதில் இருக்கும். டிக்கெட்டில் ஒரு விதமாகவும், இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியில் (இடிஏ) வேறு விதமாகவும் போட்டால் கவுண்டரிலேயே நிறுத்துவார்கள். பாஸ்போர்ட் எண்ணில் எழுத்து முதலில்தான் வரும், பின்னால் வருபவை எண்கள். பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ அடித்தால் அந்த அனுமதி உங்களுடையதே அல்ல. இலங்கை வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். இடிஏ கட்டண விதி அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்திலேயே பாருங்கள். அதன் முகவரி ‘ஜிஓவி.எல்கே’ என்று முடியும். அதே சாயலில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு.

அடுத்தது விமானம். யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமானபோது ஓடுபாதையில் சுமார் 1,400 மீட்டர்தான் செப்பனிடப்பட்டிருந்தது. ஆகவே இங்கே வந்துபோவது ஏடிஆர் 72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். பயணிகள் ஏறும் கதவு வாலருகே இருக்கிறது, முன்கதவு சரக்குக்கு. முன்வரிசை கேட்டு வாங்குகிறவர்தான் கடைசியில் இறங்குவார்! படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தலைக்கு மேலுள்ள அறை மிகச் சிறியது. மற்ற விமானங்களில் தாராளமாக நுழையும் டிராலிப் பெட்டி இதில் நுழையாது. படியருகே வாங்கி, சீட்டுக் கட்டி, சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அவசரத்தில் பவர் பேங்க், மாத்திரை, பாஸ்போர்ட், நகை எல்லாம் அதற்குள்ளேயே போய்விடுகின்றன. பவர் பேங்க் சரக்கறைக்குப் போகவே கூடாது. இவற்றை முதலிலேயே ஒரு துணிப்பையில் தனியாகப் போட்டு, அந்தப் பையைப் பெட்டிக்குள் மேலாக வையுங்கள், கேட்டதும் உருவிக்கொள்ளலாம். ஊறுகாய், மிளகாய்ப்பொடி கைப்பையில் வேண்டாம். கொப்பரை எந்தப் பெட்டியிலும் வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று தடை உண்டு.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கூடுதல் நகை அணிந்திருந்தால், புறப்படும்போதே சென்னைச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது “இங்கிருந்து கொண்டுபோனதுதான்” என்று வாயால் சொல்லி நிரூபிப்பது கஷ்டம். இந்திய நோட்டாக ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் எடுத்துப்போகலாம். யூபிஐ 2024 பிப்ரவரி முதல் அங்கே வந்திருக்கிறது. ஆனால் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வைக்க வேண்டும், அதை ஏற்கும் கடையாகவும் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கு இலங்கை ரூபாய் கையில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமதமும் ரத்தும் சகஜம். பலாலியில் இறங்கிய அன்றே கொழும்பு ரயிலுக்கோ, சென்னை திரும்பிய இரவே வேறு விமானத்துக்கோ தனி டிக்கெட் போடாதீர்கள். தவறினால் பணம் திரும்பாது.

விமான நிறுவனங்களுக்கு ஒரு கோரிக்கை: ஏடிஆரில் நுழையும் கைப்பெட்டியின் நீள, அகல, உயரத்தை டிக்கெட்டிலேயே தமிழில் அச்சிடுங்கள்.

— பயண முகவர் ஒருவர், சென்னை