செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இங்கே வந்திருக்கும் பத்தொன்பது உறுப்பினர்களே, வணக்கம்.

நம் சங்கத்தின் பதிவேட்டில் எழுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். மிச்சம் ஐம்பத்து மூன்று பேருக்கு இந்த அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருக்கிறேன். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் பழங்குடிக் குழந்தைகளின் உரிமை பற்றிய இடங்களில் விரிவாக எழுதியிருக்கிறேன். வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேசரி வரத் தாமதமாகும் என்று மாஸ்டர் சொல்லியிருப்பதால் நேரம் இருக்கிறது.

முதலில் வழக்கமானவை. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றினோம். மிட்டாய் தலைவர் செலவு. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டதன் 75-ஆம் ஆண்டை ஒட்டி முகப்புரை வாசித்தோம். கண் பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போனது, இன்னும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. நூலக அலமாரியில் கரையான் பிடித்து மருந்து அடித்தாயிற்று. ஏப்ரல் மாதக் கூட்டத்தைச் சித்திரைத் திருவிழா வாரத்தில் வைத்தது என் தவறு. அழகர் ஆற்றில் இறங்கும்போது யார் கூட்டத்துக்கு வருவார்கள்?

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். பழங்குடிக் குழந்தைகளின் உரிமை பற்றி இந்த ஆண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் திட்டமிட்டேன். இரண்டு நடந்தன. முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர், இரண்டாவதற்கு ஐந்து பேர். அந்த ஐந்தில் மைக் செட் தம்பியும் ஒருவர். ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றிய மூன்றாவது கூட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் குழுவிலேயே கேட்டார்: “ஆஸ்திரேலியாவுக்கும் நம் மதுரை ஆரப்பாளையத்துக்கும் என்ன சம்பந்தம்?” பதினான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கேள்வி நல்ல கேள்விதான். பதில் எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1910 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள் என்று அந்நாட்டு விசாரணை அறிக்கை 1997-இல் சொன்னது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கனடாவில் சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகளை உண்டு உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். இதெல்லாம் எங்கோ வெள்ளைக்காரன் ஊரில் நடந்தது என்று நினைக்கிறோம். இங்கே, சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அறிவித்து 1911-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்திலும் அதே சரக்கு இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சமூகத்தின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று அதில் ஒரு பிரிவு. நம் பக்கத்துக் கிழவர்கள் கைரேகைச் சட்டம் என்பார்களே, அதே சட்டம்தான். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உட்பட அன்று செத்தவர்களுக்கு இப்போதும் ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். போன ஏப்ரலில் வேன் வைத்துப் போனபோது பதினாறு இருக்கைகளில் ஏழு காலி. வேன் வாடகை முழுசாகத்தான் கொடுத்தோம்.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த கள்ளர் சமூகத்துக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் நான் முப்பத்தோரு வருடம் வாத்தியாராக இருந்தவன். அந்தப் பள்ளிகளால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்பது உசிலம்பட்டிப் பக்கம் போனால் தெரியும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘சீரமைப்பு’ என்ற சொல்லுக்குக் கீழே முப்பத்தோரு வருடம் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரைச் சீரமைக்க, யார் சீரமைக்க என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றியது. சம்பந்தம் இதுதான் ஐயா. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி ஒரு பஸ் தூரம்.

இந்தக் கூட்டங்களுக்கு நான் எடுத்த குறிப்புகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்துக்கு வராதவர்களுக்காக. அமெரிக்காவில் 1978-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பழங்குடிக் குழந்தை ஒன்றை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுக்கவேண்டி வந்தால் முதலில் சொந்தக்காரர்கள், அப்புறம் அதே குடி, அப்புறம் வேறு பழங்குடிக் குடும்பம் என்று அதில் வரிசை உண்டு. இது அரசமைப்புக்கு விரோதம் என்று டெக்சாஸ் மாநிலமும் சில வளர்ப்புக் குடும்பங்களும் வழக்குப் போட்டன. 2023 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. கனடாவிலும் குழந்தை நலத்தைப் பழங்குடிகளே தங்கள் சட்டப்படி நடத்தலாம் என்ற சட்டம் 2020-இல் நடைமுறைக்கு வந்தது, கியூபெக் எதிர்த்தது, 2024 பிப்ரவரி 9 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆஸ்திரேலியாவில் மட்டும், நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்லப் பழங்குடிகளுக்கு ஓர் அமைப்பை அரசமைப்பிலேயே எழுதலாமா என்று 2023 அக்டோபரில் மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. குடும்பத்துக்கு முதலிடம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பழங்குடிக்கென்று தனி வரிசை எதுவும் கிடையாது. அதற்கும் முன்னால், இந்தக் குழந்தை பழங்குடிதான் என்று யார் ஒப்புக்கொள்வது? இங்கே கதை அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது.

காட்டுநாயக்கன் என்ற பழங்குடியின் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பழங்குடி (எஸ்.டி.) சான்றிதழ் வாங்கும் வேலையை நான் கையில் எடுத்தது அதனால்தான். ‘சங்கத்தின் அனுமதி இல்லாமல்’ என்று பொருளாளர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். விதிமுறையில் ‘கல்வி மேம்பாடு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைவிடப் பெரிய அனுமதி எது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகள் படிக்காமல் இல்லை. பிளஸ் டூ வரை வந்துவிடுகிறார்கள். எஸ்.டி. சான்றிதழ் இல்லையென்றால் கல்லூரியில் உதவித்தொகை இல்லை, ஒதுக்கீடு இல்லை. அப்பாவுக்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். அப்பாவுக்கு ஏன் இல்லை? தாத்தாவுக்கு இல்லை. தாத்தாவுக்கு ஏன் இல்லை? அவர் பள்ளிக்கூடமே போகவில்லை. ஆவணம் கேட்டபோது ஒரு பாட்டி சொன்னது: “சாமி, எங்கப்பன் குறி சொல்லப் போன ஊர்லயே செத்தான். அவனைப் பொதைச்ச எடமே தெரியாது, பத்திரத்துக்கு எங்க போவேன்?”

1989 நவம்பர் வரை இந்தச் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்தார்; அதன்பிறகு கோட்டாட்சியர். வேறு ஆட்கள் பொய்ச் சான்றிதழ் வாங்கி வேலையில் சேர்ந்ததால் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் போய் விழுவது பிளஸ் ஒன் படிக்கிற பையன் தலையில். விசாரணையில் ஓர் அலுவலர் அவனிடம், காட்டுப் பன்றியை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டிருக்கிறார். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன். தெரியாது என்றான். வெளியே வந்து என்னிடம், “சார், நான் யாருன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத்தான் தெரியல” என்றான். குல தெய்வம், சடங்கு, வழக்கம் இவற்றை விசாரிக்கச் சொன்னது 1994-ஆம் ஆண்டின் மாதுரி பாட்டீல் தீர்ப்பு. அந்தச் சோதனை ஒன்றே உரைகல் ஆகாது, மக்கள் இடம் மாறி வாழ்க்கை மாறியிருக்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் பிரதி எடுத்துக் கோப்பு ஒவ்வொன்றிலும் வைத்தேன். ஜெராக்ஸ் செலவு கூடியதற்கு இதுதான் காரணம். சொந்த வேலைக்கு எடுத்தேன் என்று பேசுகிறவர்கள் கோப்பைப் பிரித்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டாலும் பொருளாளர் சொல்வார். பதினோரு விண்ணப்பங்களில் முதல் நான்கை நான்தான் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். இணைப்புக் கடிதத்தில் ‘காட்டுநாயக்கர்’ என்று எழுதிவிட்டேன். மரியாதைக்காகப் போட்ட ‘ர்’. பட்டியலில் இருப்பது ‘காட்டுநாயக்கன்’. நான்கும் திரும்பி வந்தன. அரசமைப்பின் 342-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவித்த பட்டியல் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் படிக்க வேண்டும், நீதிமன்றம்கூட அதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று 2000-ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். நரிக்குறவர் மக்கள் பல பத்தாண்டு கேட்டு, 2022 டிசம்பரில் இரு அவையும் நிறைவேற்றி, 2023 ஜனவரியில்தான் தமிழ்நாட்டுப் பட்டியலில் 37-ஆவதாக ஏறினார்கள். அங்கேயும் ‘ன்’தான். மரியாதையாக எழுதினால் உரிமை போய்விடுகிறது, உரிமை வேண்டுமானால் ‘ன்’ போட்டுக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நாட்டில் வாத்தியாராக இருந்தேன் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் நான்கையும் திருத்தி மறுபடி போட்டேன்.

பதினொன்றில் இரண்டு கிடைத்துவிட்டன. ஒன்று, அந்தப் பிள்ளையின் பெரிய தாத்தாவுக்குத் தாசில்தார் கொடுத்த பழைய சான்றிதழ் டிரங்குப் பெட்டிக்கு அடியில் அகப்பட்டதால். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, முத்திரை தப்பித்தது. ஆறு நிராகரிக்கப்பட்டன, மேல்முறையீடு செய்ய வேண்டும். மூன்று நிலுவையில். பதினொன்றில் இரண்டுதானா என்று கேட்கலாம். முந்தைய ஐந்து வருடத்தில் நம் சங்கம் வாங்கிக் கொடுத்தது எத்தனை என்று நானும் கேட்கலாம்.

சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இதேபோல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அங்கே சிக்கல் சான்றிதழில் இல்லை, தூரத்தில். மலையடிவாரத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போய் வர வேண்டிய பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பார்த்துவர இரண்டு முறை தேதி குறித்தேன். கார் தருகிறேன் என்று சொன்ன உறுப்பினருக்கு இரண்டு முறையும் கல்யாணம் இருந்தது. முகூர்த்த நாளாகப் பார்த்துத் தேதி குறித்தது என் பிழையாகவே இருக்கட்டும்.

தீர்மானம் ஒன்று கொண்டுவந்தேன், அதையும் பதிவு செய்கிறேன். பழங்குடிகள் வாழும் இடங்களுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் பத்து மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூடக் கிடையாது. அதனால் 1996-இல் வந்த பழங்குடிக் கிராம சபைச் சட்டமும் இங்கே பொருந்தாது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடிகள் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர். ஓட்டுக் கணக்கில் வராத எண்ணிக்கை. அவர்கள் அடர்ந்து வாழும் மலைப்பகுதிகளையாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி நம் சங்கமும் மனு அனுப்ப வேண்டும் என்பது தீர்மானம். டிசம்பர் கூட்டத்தில் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. பிப்ரவரியில் கோரம் இருந்தது, காப்பி வந்ததும் கலைந்துவிட்டது.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவரும் நானும் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதால் ‘ஏறக்குறைய’ என்கிறேன். சந்தா மாதம் முப்பது ரூபாய். ஒரு டீயும் வடையும். எழுபத்திரண்டு பேரில் முழுசாகக் கட்டியவர்கள் இருபத்தாறு. ஒருவர் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போன மாதத்திலிருந்து கட்டவில்லை. அவருக்கு இன்னும் அந்த அதிர்ச்சி நீங்கவில்லை போலும். பெயர் சொல்ல மாட்டேன். நிலுவை முழுவதும் வந்தால் ஆறு மேல்முறையீட்டுக்கும் வக்கீல் குமாஸ்தா செலவு, பஸ் செலவு, ஜெராக்ஸ் எல்லாம் போக நூலகத்துக்குப் புது அலமாரியும் வாங்கலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: இடம் கொடுத்த மண்டபத்தார், மைக் செட் தம்பி, பாதி விலைக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், கையெழுத்துப் போட மறுத்தாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் பொருளாளர், தலைவர் அவர்கள், மற்றும் அனைவரும்.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு நான் நிற்பதாக இல்லை. வயது அறுபத்தேழு. முழங்கால் கோட்டாட்சியர் அலுவலக மாடிப்படியோடு சண்டை போடுகிறது. இளையவர்கள் யாராவது முன்வந்தால் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு விஷயம். நிலுவையிலுள்ள மூன்று கோப்புகளில் ஒன்று, இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதியிருக்கும் ஒரு பெண்ணுடையது. மே மாதம் கல்லூரி விண்ணப்பம் தொடங்கிவிடும். விசாரணைக்கு எந்தத் தேதியில் கூப்பிட்டாலும் அவளோடும் பாட்டியோடும் ஒரு ஆள் போக வேண்டும். பாட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தனியாகப் பஸ் ஏறப் பயப்படுவார். அந்தத் தேதிக்கு வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் கதவோரம் வைத்திருக்கும் நோட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போகவும். சந்தா நோட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. பேனா கட்டிவைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்