குழந்தைக்குத் துணி மாற்றத் தந்தைக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீசன் நெருங்கும்போதெல்லாம் மலர்க் கண்காட்சி, இ-பாஸ், வாகன நெரிசல் பற்றிப் பேசும் நீலகிரியில், கைக்குழந்தையோடு வெளியே வருவோரின் ஒரு சிறு தேவையையும் தங்கள் இதழ் வழியாக அதிகாரிகளின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடந்த டிசம்பரில், மனைவி மருத்துவமனையில் இருந்ததால், எட்டு மாத மகளுடன் கோத்தகிரியிலிருந்து உதகைக்கு நான் மட்டும் பேருந்தில் செல்ல நேர்ந்தது. மலைப்பாதை வளைவுகளில் வயிறு கலங்கிய குழந்தைக்கு, இறங்கும்போது டயாபரைத் தாண்டி ஸ்வெட்டர் வரை நனைந்திருந்தது. பேருந்து நிலையத்தில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருந்தது. அதற்குள் ஓர் ஆண் நுழைவது முறையாகாது. ஆண்கள் கழிப்பறையிலோ ஈரத் தரையைத் தவிர வேறு இடமில்லை. கடைசியில், குளிர்காற்று வீசிய நடைமேடையின் சிமெண்ட் திண்டில் சால்வையை விரித்து மாற்றினேன். படுகர் மூதாட்டி ஒருவர், நான் கேட்காமலேயே, தம் வெள்ளைப் போர்வையைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சமவெளியில் வெறும் சங்கடமாக முடிந்துவிடக்கூடிய இது, 2,200 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள உதகையில், புல்வெளியெல்லாம் உறைபனி படியும் மாதங்களில், குழந்தையின் உடல்நலப் பிரச்சினை.

2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நல்ல முயற்சி. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் இத்தகைய வசதிகளை வலியுறுத்தியது. ஆனால் பாலூட்டுவதுதான் தாய்க்கு மட்டும் உரியது. துணி மாற்றுவதைத் தந்தையும் தாத்தாவும் செய்வார்கள், செய்யவும் வேண்டும். அமெரிக்காவில் 2016-இல் வந்த சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள், பெண்கள் கழிப்பறைகள் இரண்டிலும் இதற்கான மேடை இருக்க வேண்டும் என்கிறது. நாம் கேட்பது, சுவரில் மடித்து வைக்கும் ஒரு பலகையும், பக்கத்தில் ஒரு குழாயும், குரங்கு திறக்க முடியாத மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டியும்தான்.

குப்பைத்தொட்டியைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. பயன்படுத்திய டயாபரைப் பத்திரமாகச் சுற்றி, உலர் கழிவுக்கான தொட்டியில் போட வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே கூறிவிட்டன. மாற்றவும் போடவும் இடமில்லாததால், காருக்குள்ளேயே மாற்றிவிட்டுச் சாலையோரம் வீசுகிறார்கள். குரங்குகள் அதைக் கிழித்துத் தேயிலைத் தோட்டம் வரை இழுத்துச் செல்கின்றன. பிளாஸ்டிக் பைக்குச் சோதனைச் சாவடி வைத்திருக்கும் மாவட்டம் இது.

வரும் சீசனுக்குள் பேருந்து நிலையங்களிலும் பூங்காக்களிலும் இவ்வசதியை ஏற்படுத்தி, வாசலில் 'குழந்தை பராமரிப்பு இடம், பெற்றோர் இருவருக்கும்' என்று எழுதிவைக்குமாறு நகராட்சிகளையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.