ஆண்டறிக்கை: நட்டுவிட்டு வந்தால் போதாது

தலைவர், செயலவை உறுப்பினர்கள், சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் விழா சமூக மன்றத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிச் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்தோம். தீபாவளி விருந்துக்கு நல்ல கூட்டம். மூத்த உறுப்பினர்கள் இருவர் இந்த ஆண்டு காலமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த இரங்கல்.

சரி, இனி சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புலாவ் உபின் தீவில் நாம் மரக்கன்று நடும் வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ்ச் சங்கத்துக்கும் குருவிக்கும் என்ன சம்பந்தம், செயலாளர் தன் ஆசைக்குச் சங்கத்தை இழுக்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள், அன்று நான் பதில் போடவில்லை.

நாம் போவது ஸ்ட்ரா ஹெடட் புல்புல் என்ற பறவைக்காக. புல்புலைத் தமிழில் சின்னான் என்போம், கொண்டைக்குருவி என்றும் சொல்வதுண்டு. இதன் தலை வைக்கோல் நிறம் என்பதால் நம் பிள்ளைகள் வைக்கோல்தலைச் சின்னான் என்று பெயர் வைத்துவிட்டார்கள், எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. மைனாவைவிடப் பெரியது, அதிகாலையில் ஜோடியாகப் பாடும், அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது. அந்தக் குரலே அதற்கு எமனாகிவிட்டது. கூண்டில் வைத்துப் பாட விடுவதற்காகப் பிடித்துப் பிடித்துத் தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இல்லாமலே செய்துவிட்டார்கள். 2018இல் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். 2022இல்தான் அனைத்துலக வணிகத்துக்கு முழுத் தடை வந்தது. இந்தச் சின்னத் தீவு நாட்டில் 2016இல் எடுத்த கணக்கில் 200க்கு மேல் இருந்தன, அதில் பெரும்பங்கு உபினில். உலகத்திலேயே மிச்சமிருப்பது சில நூறோ ஆயிரத்துச் சொச்சமோதான் எனும்போது, நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்தும் ஒரு படகும் ஏறிப் போகிற தூரத்தில் அது பாடுகிறது. சம்பந்தம் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

உபின் ஒரு காலத்தில் கருங்கல் குவாரியும் ரப்பர்த் தோட்டமுமாக இருந்த இடம். கடைசிக் குவாரி 1999இல் மூடியது. காடு தானாகத் திரும்பி வருகிறது, ஆனால் வெட்டவெளியாகக் கிடந்த இடங்களில் முதலில் வருவது வெளியூர்க் கொடிகள். சின்னானுக்குக் காட்டு ஓரம் வேண்டும், பழமும் பூச்சியும் வேண்டும். அதனால் தேசியப் பூங்காக் கழகத்தின் வழிகாட்டுதலில் அத்தி வகைகள், சாலாம் மரம், மலாய்க்காரர்கள் செண்டூடோக் என்று சொல்லும் ஊதாப்பூச் செடி என்று இந்த மண்ணுக்கே உரியவற்றை நட்டோம். நடும் நாளில் 41 பேர் வந்தார்கள். படம் எடுத்தோம், நாசி லெமாக் சாப்பிட்டோம், எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் களை எடுக்கும் நாட்கள். முதல் மாதம் ஒன்பது பேர், அடுத்த மாதம் ஐந்து, ஜூனிலும் ஜூலையிலும் நானும் என் மனைவியும் மட்டும்.

மைக்கேனியா என்ற கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அறுத்துப் போட்டுவிட்டு வந்தால் கணுவுக்குக் கணு வேர்விட்டு மறுபடி எழும்பிவிடும். சுருட்டிப் பையில் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும், இரண்டு பேரால் ஒரு காலையில் எவ்வளவு முடியும்? ஆகஸ்டில் போய்ப் பார்த்தபோது கன்றுகளில் மூன்றில் ஒன்று கொடிக்கு அடியில் வெளிச்சமில்லாமல் மஞ்சளாகிச் செத்திருந்தது. அன்று படகில் திரும்பும்போது நான் யாரோடும் பேசவில்லை. நட ஆள் வந்தது, காக்க ஆள் வரவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. வேலை, பிள்ளைகளின் தேர்வு, உடம்பு சரியில்லை, எல்லாம் எனக்கும் உண்டு. வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்ததுதான் வருத்தம், ஏனென்றால் அந்தப் பெயர்களை நம்பித்தான் நான் கழகத்திடம் கையுறையும் கத்தரியும் கேட்டு வாங்கினேன்.

செப்டம்பரிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறியது. உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் தொண்டூழியர்களாகச் சேர்ந்தார்கள், மாதம் தவறாமல் வருகிறார்கள். ஒருநாள் இருவாச்சி ஜோடி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது, பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் என்று அதில் ஒரு பிள்ளை எனக்கே விளக்கம் சொன்னாள். சிங்கப்பூரில் அற்றுப்போயிருந்த அந்தப் பறவை 1994இல் உபினில்தான் மறுபடி தென்பட்டது. கூட்டுப்பெட்டி வைத்து, வருடக்கணக்கில் கண்காணித்ததால், இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில்கூட வந்து உட்காருகிறது. அது ஒருநாள் கூத்தில் நடந்த காரியம் இல்லை.

நாம் நட்ட இடத்தில் சின்னான் வந்து உட்கார்ந்ததா என்றால், இன்னும் இல்லை. பக்கத்தில் பாடுவதைக் கேட்டோம். கன்றுகள் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, முக்கியக் காரணம் சந்தா. ஆண்டுக்கு 20 வெள்ளி (டாலர்), பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை, சிலர் மூன்றாவது வருடமாக. உபின் வேலையால் பணம் போனது என்று ஒரு பேச்சு இருப்பதால் சொல்கிறேன், படகுக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளியை அவரவரே கொடுத்தோம், சங்கத்துப் பணத்தில் வாங்கியது கொசு மருந்தும் தண்ணீரும் மட்டும்.

தேசியப் பூங்காக் கழக அலுவலர்களுக்கும், பறவைகளை அடையாளம் காட்டிய நண்பர்களுக்கும், சமூக மன்றத்துக்கும், செயலவைக்கும், மாணவர்களின் பெற்றோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செத்த கன்றுகளுக்குப் பதில் புதியவை நட அனுமதி கேட்கலாம். ஆனால் களை எடுக்கக் குறைந்தது பன்னிரண்டு பேர் உறுதியாகக் கிடைக்காமல் நான் கேட்கப் போவதில்லை. பன்னிரண்டு என்பது ஒரு படகு நிறைய ஆள், காத்திருக்காமல் கிளம்பலாம். என் முழங்கால் முன்போல் இல்லை, செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாராவது முன்வந்தால் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பேன். அடுத்த களை எடுப்பு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழரைக்குச் சாங்கி படகுத்துறை, 2ஆம் எண் பேருந்து அதன் பக்கத்திலேயே வரும். நீளக் கைச் சட்டை போட்டு வாருங்கள், கையுறை என்னிடம் இருக்கிறது.

செயலாளர்