கமிட்டி அண்ணன்களே, பின்னால் நிற்கிறவனையும் கணக்கில் எடுங்கள்

கடலூரில் கோடை விடுமுறைக்கு ஹாக்கிப் போட்டி நடத்தும் கமிட்டி அண்ணன்களுக்கு வணக்கம்.

போன வருஷ ஃபைனல் முடிந்து பரிசு கொடுத்தீர்களே, அதிக கோல் போட்ட பையனுக்கு சைக்கிள், சிறந்த ஃபார்வர்டுக்கு புது ஸ்டிக், அப்புறம் கோல் கீப்பருக்கு ஒரு கோப்பை. என் அக்கா மகன் ஃபுல்பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். முட்டியில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்று எல்லாருக்கும் கை தட்டினான். கேட்டதற்கு உங்களில் ஒருவர், "பேக்குல நிக்கிறவனுக்கு எதை தம்பி கணக்கு வெக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான், அதனால்தான் இந்த மடல்.

இந்திய அணியில் பின்னால் நின்று தடுக்கிற அமித் ரோஹிதாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா சுந்தர்கர் மாவட்டத்து சௌனமாரா கிராமம். இந்தியாவுக்கு 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய திலீப் திர்க்கியும் அதே ஊர்தான். 2013இல் இந்திய அணிக்குள் வந்தவர் வெளியே போய், 2017இல்தான் திரும்பி வந்து நிலைத்தார். பெனால்டி கார்னரில் (தடுக்கிற அணி தப்பு செய்தால், கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளி எதிரணி கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு) கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான் தடுக்க முடியும், அதில் பந்து நகர்ந்ததும் அடிக்கிறவனைப் பார்த்து முதலில் பாய்கிற ஆள் இவர். நேரடியாக அடித்தால் பந்து 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக்கூடாது, ஸ்டிக்கால் பந்தை இழுத்து வீசுகிற டிராக் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம், அது தொடைக்கு வருமா முகத்துக்கு வருமா என்பது ஓடுகிறவனுக்கே தெரியாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனோடு 17ஆவது நிமிடத்தில் அவருக்கு ரெட் கார்டு (சரியா தப்பா என்று நம்ம டீக்கடையில் இன்னும் சண்டை ஓயவில்லை). மிச்சமிருந்த 43 நிமிடமும் 10 பேர் தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். தடை காரணமாக அரையிறுதியில் அவர் இல்லை, ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அவர்களுடைய முதல் கோலே பெனால்டி கார்னரில் பெய்லாட் போட்டது. அமித் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அன்றைக்கு அந்த இடம் காலி என்று எல்லாருக்கும் தெரிந்தது. திரும்பி வந்து ஸ்பெயினை 2-1 என்று வென்ற அணியில் ஆடி, டோக்கியோவுக்கு அடுத்து இரண்டாவது வெண்கலமும் வாங்கிவிட்டார்.

கணக்கு இதுதான் அண்ணே. எத்தனை பெனால்டி கார்னர் வந்தது, எத்தனை கோலானது, முதலில் ஓடினது யார், ஒரு நோட்டில் எழுதினால் போதும். அதற்கு முன்னாடி முகக்கவசமும் முட்டிப் பட்டையும் டீமுக்கு நாலு செட் வாங்கிவிடுங்கள், சைக்கிளுக்குப் பதிலாக என்றாலும் பரவாயில்லை, பையன்கள் இப்போது வெறும் முகத்தோடு ஓடுகிறார்கள். நோட்டு எழுத ஆள் இல்லையென்றால் உச்சி வெயிலானாலும் சரி, நானே வந்து உட்காருகிறேன்.