எங்க பேண்ட்ல பேஸ் வாசிக்கிற பெரியவருக்கு ஒரு பெரிய நன்றி

அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல நாங்க இருக்கிற ஆஷ்வில்ல என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், ஹெலீன் புயல் கதைய திரும்ப எழுத எனக்குத் தெம்பில்ல. 2024 நவம்பர் 18 அன்னைக்கு குழாய்த் தண்ணிய இனி குடிக்கலாம்னு அறிவிச்சாங்க, அம்மா ஒரு சொம்பு பிடிச்சு அண்ணாந்து மடக் மடக்னு குடிச்சாங்க, அதைப் பாத்த கையோட இதை எழுதறேன்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கேட்டு வளந்தவன் இங்க வந்து மலைக்காரங்களோட ப்ளூகிராஸ்ங்கிற அவங்க ஊர் தந்தி வாத்திய இசைய வாசிக்கிறேன்னு என்னைக் கிண்டல் பண்ணாதவங்க கம்மி. அந்த பேண்ட் மக்களுக்குத்தான் இந்த நன்றி. அவங்க யாரும் இதைப் படிக்கப் போறதில்ல, நேர்ல சொன்னா கைய ஆட்டிட்டு டியூன் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க.

புயலுக்கு அப்புறம் கரண்டு இல்ல, தண்ணி இல்ல, சர்ச் பார்க்கிங்ல சாப்பாடு குடுத்துட்டு இருந்தாங்க. நம்ம இசைக்கு ஆம்ப்ளிஃபையர் தேவையில்லையே, அங்கயே நின்னு வாசிச்சோம். நடுவுல ஃபிடில், அதாவது வயலின், வாசிக்கிற அம்மாகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், பாத்ரூம் போகணுமேன்னு எங்கம்மா தண்ணி குடிக்கிறதையே குறைச்சிட்டாங்கன்னு. கனமான அடிச் சத்தம் குடுக்கிற பெரிய தந்தி வாத்தியமான பேஸ வாசிக்கிற பெரியவர் பக்கத்துலதான் நின்னாரு, ஒண்ணும் பேசல.

மறுநாள் காலையில வாசல்ல ரெண்டு பக்கெட் தண்ணி. மூடி போட்டு, மேல டேப் ஒட்டி, 'டாய்லெட்டுக்கு மட்டும், குடிக்காதீங்க'ன்னு மார்க்கர்ல எழுதியிருந்துச்சு. எழுபது தாண்டின அந்த பேஸ் பெரியவர்தான், தன் வீட்டுக்குப் பின்னாடி ஓடையில மொண்டு, கதவக்கூட தட்டாம வச்சிட்டுப் போயிருக்காரு. குழாய்ல கலங்கலாவாவது தண்ணி வர்ற வரைக்கும் இது நிக்கவே இல்ல, காலி பக்கெட்ட எடுத்துட்டு நிறைஞ்சத வச்சிட்டுப் போவாரு. ஒருநாள் அம்மா ஜன்னல்ல பாத்துட்டு ஓடிப்போய் காபி குடுத்தாங்க, நின்னுக்கிட்டே குடிச்சிட்டு தொப்பியத் தொட்டுட்டு கிளம்பிட்டாராம். அவரோட வேன ஆறு கொண்டு போனதே எனக்கு அப்புறம்தான் தெரியும், அவ்வளவும் பக்கத்து வீட்டுக்காரர் பிக்கப்ப இரவல் வாங்கி செஞ்சது!

கச்சேரி முடிஞ்சா கூட்டம் பாஞ்சோங்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிறவர்கிட்டதான் போகும். பாஞ்சோ மேதை எர்ல் ஸ்க்ரக்ஸ் பொறந்த மாநிலம், குத்தம் சொல்ல முடியாது. ஆனா டிரம்ஸே இல்லாத இசை இது, நாலு எண்ணிக்கை தாளத்துல ஒண்ணு மூணுல பேஸ் விழணும், அப்பதான் ரெண்டு நாலுல நான் மாண்டலின்ல 'சக்'னு வெட்ட முடியும். அந்த ஒண்ணும் மூணும் இல்லேன்னா நாங்க எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிடுவோம், கேக்கறவங்களுக்கு அது காதுல தனியா விழுறதே இல்ல. நானே இத்தனை வருஷமா அவர் பக்கத்துல நின்னு வாசிச்சும் அவர்கிட்ட பேசினத விட பாஞ்சோகாரர்கிட்ட பேசினதுதான் அதிகம்.

மத்தவங்களையும் விடக்கூடாது: செயின்ஸாவோட வந்து வாசல் மரத்த அறுத்துப் போட்ட கிடார் தம்பி, ஜெனரேட்டர்ல எங்க போனெல்லாம் சார்ஜ் போட்டுக் குடுத்த பாஞ்சோகாரர், பசங்கள ரெண்டு ராத்திரி வச்சுப் பாத்துக்கிட்ட ஃபிடில் அம்மா, பேர் தெரியாத சர்ச் சமையல்காரங்க. எல்லாருக்கும் கை கூப்பி நன்றி.

ஆள் உயரத்துக்கு மேல இருக்கிற அந்த பேஸ இனிமே என் வண்டியிலதான் ஏத்துவேன், ஏத்தறதும் இறக்கறதும் என் வேலை. அவர் புது வேன் வாங்கினாலும் சரி. அம்மா வேற எலுமிச்சை சாதம் தனி டப்பால அவருக்குன்னு கட்டுறாங்க, அதுல பாஞ்சோகாரருக்கு இப்பவே பொறாமை.